படித்த புத்தகத்தையே மறுபடி படிப்பது எப்படி

எங்கள் அம்மாச்சி வீட்டில் பொன்னியின் செல்வன் புத்தகமாக இருந்ததில்லை, கட்டாக இருந்தது. கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு பாகம் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிய ஐந்து கட்டுகள், முதுகில் காலிகோ துணி ஒட்டியது. இரண்டாம் பாகத்துக்கு ஓரம் வெட்டும்போது பைண்டர் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டிவிட்டார். வலது பக்கங்களில் பல வரிகளுக்குக் கடைசி எழுத்து இருக்காது. "வந்தியத்தேவ" என்று வரி முடியும், 'ன்' நாமே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் பாகத்தில் பத்தாம் அத்தியாயமே கிடையாது, அந்த வாரத்து இதழை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. அதனால் ஒன்பதிலிருந்து நேரே பதினொன்றுக்குத் தாவுவோம். குடந்தை சோதிடர் வீட்டுக்குள் வந்தியத்தேவன் திடுதிப்பென்று நுழைகிறான், உள்ளே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் அங்கே எதற்கு வந்தார்கள் என்பது எனக்கு ரொம்ப வருஷம் தெரியாது.

பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் நடுவில் அந்தக் கட்டுகளை ஏழெட்டு தடவை படித்திருப்பேன். அப்புறம் கல்லூரி நூலகத்தில் அச்சுப் புத்தகம் கையில் கிடைத்ததும் நின்றபடியே பத்தாம் அத்தியாயத்தைப் படித்தேன். குந்தவையும் வானதியும் சோதிடரைப் பார்க்க வந்த காரணமெல்லாம் விளங்கியது. சந்தோஷம்தான். ஆனால் அந்த ஓர் அத்தியாயம் மட்டும் புதிதாக வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருந்தது. மொத்தம் 293 அத்தியாயங்களில் மற்ற 292-ம் எனக்குக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள், இது மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது. முதல் தடவை படிப்பதும் மறுபடி படிப்பதும் இரண்டு வேறு வேலைகள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முதல் வேலையை எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கதை தெரியுமே, அப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்று. வட மாவட்டங்களில் பாரதக் கூத்து பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் திரௌபதி கூந்தல் முடிப்பாளா மாட்டாளா என்று தெரியாமல் ஒருவராவது இருப்பாரா? மார்கழியில் திருப்பாவை முப்பது பாட்டும் போன வருஷம் பாடியவைதான். நட்பைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவரே, நவில்தொறும் நூல்நயம் போலும் என்று மறுபடி மறுபடி படிக்கும் புத்தகத்தைத்தான் உவமைக்கு எடுத்துக்கொள்கிறார் (783-வது குறள்). பழகப் பழக நல்லவர்கள் எப்படியோ, படிக்கப் படிக்க நூல் அப்படி என்பது அவருக்குச் சொல்லி விளக்க வேண்டாத அளவுக்குத் தெரிந்த விஷயமாக இருந்திருக்கிறது. நம்மிடம் இந்தப் பழக்கம் புதிதில்லை. 2011-ல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்துப் பார்த்து, முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் படிப்பவர்களுக்குக் கதை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கிறது என்று எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் சொல்லியிருக்கின்றன. எனக்கு அம்மாச்சி சொன்னதே போதும். பக்கத்து வீட்டு அத்தை, "என்ன மதினி, திரும்ப அதையேவா?" என்று கேட்டதற்கு, "ரசம் நேத்தும்தான் வச்சேன், இன்னைக்கு வைக்கலியா?" என்றார் கண்ணாடியைக் கழற்றாமலே.

எதை எடுப்பது

பிடித்த புத்தகம் வேறு, ஆறுதல் தரும் புத்தகம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு மறுவாசிப்பு சலித்துப் போகிறது. நம்மைப் புரட்டிப்போட்ட நாவல், இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்த நாவல், இதெல்லாம் பெரிய புத்தகமாக இருக்கலாம், ஆனால் ஜுரம் அடிக்கும்போது அதை எடுத்தால் ஜுரம் இன்னும் ஏறும். உங்கள் அலமாரி முன்னால் நின்றுகொண்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எந்தப் புத்தகத்தில் எந்தக் காட்சி ஏறக்குறைய எத்தனையாவது பக்கத்தில், இடது பக்கமா வலது பக்கமா என்று கைக்கே தெரிகிறது? எதை யாருக்கோ கொடுத்துவிட்டு இருப்புக்கொள்ளாமல் மறுபடி விலைக்கு வாங்கினீர்கள்? அதில் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும் போலிருக்கிறது?

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். மறுபடி படிக்கும்போது நாம் கதையைத் தேடிப் போவதில்லை, ஆட்களையும் இடத்தையும் பார்க்கப் போகிறோம். 1973-ல் வந்த ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' இதற்கு நல்ல உதாரணம். அதில் சம்பவம் என்று எடுத்துச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஹென்றி என்று ஒருவன் தன் பப்பாவின் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தேடிக் கிருஷ்ணராஜபுரம் என்ற ஊருக்கு வருகிறான், ஊர் அவனை ஏற்றுக்கொள்கிறது. முதல் தடவை படிக்கும்போது ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று பயந்துகொண்டே பக்கம் தள்ளினேன். வராது என்று தெரிந்த பிறகுதான், இரண்டாவது தடவையில்தான், அந்த ஊரில் நிம்மதியாக நடக்க முடிந்தது. நல்லவர்களாக ஐந்தாறு பேர் ஒரே ஊரில் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே போய்விட்டு வருகிறேன்.

இலக்கியத் தரமெல்லாம் இங்கே பார்க்க வேண்டாம். பள்ளி வயதில் படித்த இரும்புக்கை மாயாவியே உங்களுக்கு ஆறுதல் என்றால் அதையே எடுங்கள், அந்த முத்து காமிக்ஸ் முதல் இதழ் 1972-ல் வந்தது, அன்றைக்குச் சிறுவர்களாகப் படித்தவர்கள் இன்றைக்கு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு அதே மாயாவியை மறுபதிப்பில் தேடி வாங்குகிறார்கள். சமையல் குறிப்புப் புத்தகத்தை ராத்திரி படுக்கையில் படிப்பவர்களும் எனக்குத் தெரியும்.

ஐந்து புத்தகம் இருந்தால் போதும். ஒன்று நீளமானது, ஒன்று ஒரே மூச்சில் முடிவது, ஒன்று சிரிக்க, ஒன்று சிறுகதைத் தொகுப்பு. ஐந்தாவது உங்கள் இஷ்டம்.

எப்போது எடுப்பது

மனசு சரியில்லாத அன்றைக்குத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சோகம் வந்தால் மட்டும் ஒரு புத்தகத்தை எடுத்துப் பழகினால் கொஞ்ச நாளில் அந்த அட்டையைப் பார்த்தாலே சோகம் வந்துவிடும், ஆஸ்பத்திரியில் சாப்பிட்ட பிரெட் மாதிரி. எனக்கே இது நடந்திருக்கிறது. அப்பா படுக்கையில் இருந்த நாட்களில் கூடவே இருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன், இன்றைக்கு வரை அதை என்னால் திறக்க முடியவில்லை. நல்ல புத்தகம் ஒன்றை அப்படி இழந்தேன். அதனால் நன்றாக இருக்கும் நாட்களிலும் எடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு, ரயிலில், பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கும்போது. அப்போதுதான் கஷ்ட காலத்தில் எடுக்கும்போது அதற்குள் நல்ல நாளின் வாசனையும் கொஞ்சம் இருக்கும்.

நீளமான புத்தகத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொள்வது நல்லது. பொன்னியின் செல்வனை நான் ஆடிப்பெருக்கு அன்று ராத்திரி தொடங்குகிறேன், ஏனென்றால் கதையே ஆடி பதினெட்டில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் இல்லை. 293 அத்தியாயம் என்றால் 147 ராத்திரி. ஆகஸ்ட் 3-ல் ஆரம்பித்தால் டிசம்பர் 27 வாக்கில், மார்கழி நடுவில், முடியும். இந்தக் கணக்கு வைத்துப் படித்த முதல் வருஷம் எனக்கு ஒன்று கிடைத்தது. நவம்பர் இரண்டாவது வாரத்தில் ஐந்தாம் பாகம் தொடங்கும். அதில் நாகப்பட்டினத்தில் புயல் அடித்துக் கடல் பொங்கி ஊருக்குள் வருகிறது, சூடாமணி விஹாரத்தைத் தண்ணீர் சூழ்கிறது. வெளியே வடகிழக்குப் பருவமழை, கூடத்தில் தொலைக்காட்சியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கையில் அந்த அத்தியாயம். பத்து தடவை படித்த பக்கங்கள், அன்றைக்குத்தான் அதில் காற்றுச் சத்தம் கேட்டது. ஆகவே உங்கள் புத்தகத்திலும் என்ன மாதம் நடக்கிறது, வெயிலா மழையா என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் நடக்கும் கதையை மே மாதம் படியுங்கள்.

எப்படிப் படிப்பது

முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. தெரிந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாகவும் போகலாம். எனக்குச் சோர்வாக இருக்கும் நாளில் இரண்டாம் பாகத்தின் தொடக்கம் போதும், கோடிக்கரை, பூங்குழலி, வந்தியத்தேவன் சேற்றுப் பள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டு தவிப்பது, அவள் கரையேற்றிவிடுவது. பத்து நிமிஷம், அவ்வளவுதான், மூடி வைத்துவிடுவேன். அதே போல முடிக்க வேண்டும் என்றும் இல்லை. யாராவது சாகப் போகிறார்கள் என்றால் அதற்கு முந்திய அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அந்த ஆள் இந்த வருஷம் உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆதித்த கரிகாலன் விஷயத்தில் நான் இதைச் செய்திருக்கிறேன், கடம்பூர் வரைக்கும் போகாமலேயே திரும்பி வந்த வருஷங்கள் உண்டு.

அவசரப்படாமல் படிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி வாய்விட்டுப் படிப்பது. கண் தெரிந்த வரியைத் தாண்டி ஓடிவிடும், நாக்கு ஓடாது. முதல் அத்தியாயத்தில் ஏரிக்கரைக்கு வந்த ஜனங்கள் கூட்டாஞ்சோற்றையும் சித்திரான்னத்தையும் கமுகு மட்டையில் போட்டுச் சாப்பிடுவது வரும், கதைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, முதல் நான்கைந்து வாசிப்பில் நான் அதைக் கவனித்ததாகவே நினைவில்லை. ஒரு நாள் தங்கைக்காக உரக்கப் படிக்கும்போதுதான் கமுகு மட்டை என்ற சொல்லில் நின்றேன். வாழை இலை கேள்விப்பட்டிருக்கிறோம், பாக்கு மரத்து மட்டையில் அன்றைக்கே சாப்பிட்டிருக்கிறார்களா என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம், அன்றைக்கு அதற்கு மேல் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போவதும் உதவும். கதாநாயகனை விட்டுவிடுங்கள். இந்தத் தடவை பெரிய பழுவேட்டரையரோடு மட்டும் போய்ப் பாருங்கள், வயசான காலத்தில் ஒரு பெண்ணை நம்பி மோசம்போன மனிதராக அவர் தெரிவார். பதினைந்து வயதில் எனக்கு அவர் வில்லன். நாற்பதுக்கு மேல் அவருக்காக அழுதிருக்கிறேன். புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. சில புத்தகங்கள் மறுபடி திறக்கும்போது கசக்கும். சின்ன வயதில் சிரித்த இடத்தில், ஒரு பெண்ணின் உடம்பையோ நிறத்தையோ சாதியையோ வைத்து எவ்வளவு சுலபமாகக் கேலி செய்திருக்கிறார்கள் என்று இன்றைக்குத் தெரியும், தெரிந்த பிறகு தெரியாதது போலப் படிக்க முடியாது. அதற்காக உங்கள் பழைய பிரியம் பொய்யாகிவிடாது. இரண்டு தடவை முயன்று பாருங்கள், மூன்றாவது தடவையும் அதே இடத்தில் முள் குத்தினால் அந்தப் புத்தகத்தை ஆறுதல் தட்டிலிருந்து எடுத்து மற்றப் புத்தகங்களோடு வையுங்கள். அது வேறு விதமாகப் படிக்க வேண்டிய புத்தகமாகிவிட்டது. சலிப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் இரண்டு வருஷம் தொடாமல் விடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

முடித்த ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதியும் ஊரும் எழுதுங்கள். பேனா வேண்டாம், பழைய தாளில் மை மறுபக்கம் ஊறும். கூட ஒரே ஒரு வரி, அன்றைக்கு என்ன நடந்தது என்று. அம்மாச்சி கட்டின் நாலாம் பாகத்துக் கடைசியில் "மழை. பால் வரல." என்று இருக்கிறது. தேதி அழிந்துவிட்டது, அந்த நாலு வார்த்தை அழியவில்லை... இல்லை, மூன்று வார்த்தைதான், நான் அதை நீளமாக நினைவில் வைத்திருக்கிறேன்.

புத்தகத்தைக் காப்பாற்றுவது

அடிக்கடி எடுக்கும் புத்தகம் சீக்கிரம் பிய்ந்துபோகும், அதனால் இது தனி வேலை. பழைய பத்திரிகைத் தாளும் மலிவுப் பதிப்புத் தாளும் மரக்கூழில் செய்தவை, அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும், அமிலம் ஊறித் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். பழைய புத்தகத்தைத் திறந்தால் லேசாக வெனிலா போல வாசனை வருகிறதே, அதுவும் அந்த லிக்னின் சிதைவதால் வருவதுதான். ஆகவே வெயில் நேராக விழும் ஜன்னல் பக்கம் அலமாரி வேண்டாம். சுவரை ஒட்டியும் வேண்டாம், நாலு விரல் தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும், ஓதத்துக்கு ராமபாணப் பூச்சி வரும், கறையானும் வரும். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், அந்துருண்டை வாசனை எனக்குத் தலைவலி கொடுக்கும். இதையெல்லாம்விட நல்ல மருந்து மாதம் ஒரு தடவை வெளியே எடுத்துப் பக்கங்களை விசிறி வைப்பது. மறுபடி மறுபடி படிக்கும் புத்தகத்தில் பூச்சி அவ்வளவு சீக்கிரம் குடியேறாது.

கிழிந்தால் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். நாலைந்து வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்பாகத் தாளில் ஊறி எழுத்தையும் சேர்த்து மறைக்கும், எங்கள் மூன்றாம் பாகத்தில் ஒரு பக்கம் அப்படித்தான் போயிற்று. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, மெல்லிய வெள்ளைத் தாளைக் கீற்றாகக் கிழித்து (கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் படிந்து உட்காரும்) ஒட்டி, மேலே பாரம் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். தையல் விட்டுப் பக்கங்கள் கழன்றுவிட்டால் பைண்டரிடம் போய்விடுவது நல்லது. அவர்கள் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கொஞ்சம் சேர்ப்பார்கள், அது விஷம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். கொடுக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்: "அண்ணே, ஓரம் வெட்டாதீங்க, அப்படியே விட்டுருங்க."

இரவலுக்கென்று ஒரு தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் அடிபட்ட பிரதி போதும். அதுவும் இல்லையென்றால், கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன, கேட்பவர்களுக்கு அதைக் காட்டுங்கள். கைபேசியில் படிக்கலாமா என்றால் தாராளமாகப் படிக்கலாம். பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது எனக்கும் அதுதான். கை மட்டும் பழைய பக்கத்தைத் தேடும்.

அம்மாச்சியின் கட்டுகள் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. போன வருஷம் முதல் பாகத்தைப் புதிதாகத் தைக்கக் கொடுத்தபோது, விட்டுப்போன பத்தாம் அத்தியாயத்தை அதே அளவுத் தாளில் நகல் எடுத்து நடுவில் சேர்த்துத் தைத்துத் தரட்டுமா என்று பைண்டர் கேட்டார். யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். நகலைத் தனியாக ஓர் உறையில் போட்டுப் பின் அட்டைக்குள் செருகி வைத்திருக்கிறேன். இந்த ஆடிக்கு அக்கா மகள் கூடப் படிக்க உட்காருகிறாள், அவளுக்கு இதுதான் முதல் தடவை, ஐந்தாவது ராத்திரி அந்த உறையை எடுத்துக் கொடுக்க வேண்டும்.